குரல் கம்மியதற்குக் காரணம் வயிறு

நெஞ்செரிச்சலே கிடையாது எனக்கு. காலையில் குரல் கம்மும். நாள் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பேன். சளி என்று நினைத்து மிளகுக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினேன், இன்னும் மோசமானது. கடைசியில் தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "வயித்து அமிலம் மேல வருது" என்றார். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அமிலம் அதன் அடிப்பகுதியோடு நின்றால் பெரும்பாலும் நெஞ்சுதான் எரியும். குரல்வளைக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. கொஞ்சம் எட்டினாலே எரிச்சல் பிடித்துவிடும்.

இரவு பத்தரை மணி பரோட்டா, ஏழரை மணி இட்லியானது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தேன். அதற்கு முன் தலையணைகளை அடுக்கிப் பார்த்தது வீண், வயிறு மடங்கியதுதான் மிச்சம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். குரல் தெளிய இரண்டு மாதம் ஆனது. காப்பியை மட்டும் விட முடியவில்லை. இப்போது அரை டம்ளர்.