கத்தரிக்கோல் வைக்க முதல்: வீட்டுத் தையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதமுனைக் கைத்தறித் துணி இரண்டரை மீற்றர் வாங்கி, சித்திரை வருசத்துக்கு மகளுக்கு ஒரு கவுண் தைத்தேன். கடும் பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு. வருசத்தன்று அளவாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போய்வந்து கழுவிக் காயப்போட்டு எடுத்துப் பார்த்தால், இடுப்புத் தையல் மேலே ஏறி நிற்கிறது. உள்ளே போட்ட வெள்ளை லைனிங் பாசி பிடித்த நிறம். தையலில் ஒரு குறையும் இல்லை. துணியை நனைக்காமல் வெட்டியதுதான் குறை.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. வீட்டில் தைக்கிற உடுப்பு மெசினில் கெடுவது குறைவு. பாயை விரித்துத் துணியைப் போட்டு வெட்டுகிற அந்த அரைமணித்தியாலத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பழி போடுவது மெசின் மேல்.

பருத்தித் துணி முதல் கழுவலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்குவது வழமை. 36 அங்குல நீளக் கவுணில் அது ஒரு அங்குலத்துக்குக் குறையாது, ஒன்றேமுக்கால் வரையும் போகும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இறுக்கி இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை விடுபட்டு நூல் தளர்ந்து தன் நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் அகலத்தைவிட நீளம் கூடுதலாகக் குறைகிறது. ரேயோன் இதைவிட மோசம். பொலியெஸ்டர் அனேகமாகச் சுருங்காது. பருத்தி லைனிங்கை நனைக்காமல் பொலியெஸ்டர் துணிக்கு உள்ளே வைத்துத் தைத்தால், முதல் கழுவலோடு உள்துணி இழுத்து வெளித்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்பது இதனால்தான். லைனிங்கையும் லேஸையும்கூட நனைத்து எடுங்கள்.

கைத்தறியை அப்படியே தண்ணீரில் போடாதீர்கள், வெட்டு ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வரும். ஓரத்தில் ஒரு சிக்சாக் ஓட்டிவிட்டு, அல்லது கையால் தளர்வாகச் சுற்றித் தைத்துவிட்டு, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். நிழலில் காயவிட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணினால் நெசவு நேராக நிற்கும். சாயத்துக்கு உப்புப் போடச் சொல்லுவார்கள், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. கடையில் வாங்கிய துணியில் அது ஒன்றையும் பிடித்து வைக்காது. தண்ணீர் தெளிவாகும்வரை அலசுவதும், நனைந்த வெள்ளைத் துண்டொன்றால் தேய்த்துப் பார்ப்பதும்தான் வழி. துண்டில் நிறம் ஒட்டுகிறதென்றால் அந்தத் துணிக்கு வெள்ளை லைனிங், வெள்ளைப் பைப்பிங் (ஓரம் கட்டுகிற பட்டி) வேண்டாம்.

அடுத்தது துணியின் போக்கு, அதாவது கரையோடு ஒட்டிப் பாவு நூல் ஓடுகிற திசை. மிச்சம் பிடிக்கிற ஆசையில் அளவுக் கடதாசியைச் சாய்த்து வைத்து வெட்டுவோம். போட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. நாலு தரம் கழுவின பிறகு பிஜாமாக் கால் முறுக்கிக்கொண்டு, பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கும். கடதாசியில் இருக்கிற நேர்கோடு துணியின் கரைக்கு இரண்டு முனையிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று நாடாவால் அளந்து பாருங்கள், அது போதும். கட்டம் போட்ட சாரத் துணியில் மகனுக்குச் சேர்ட் தைக்கிறவர்கள் ஒரு கட்டத்தின் அளவாவது கூடுதலாக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டன் பட்டியில் கட்டங்கள் சண்டை பிடிக்கும். பூக்கள் ஒரே பக்கம் பார்க்கிற துணியும் அப்படித்தான். துணியை மடிக்காமல் ஒற்றையாக வெட்டும்போது கடதாசியைத் திருப்பிப் போட மறந்து, இரண்டு இடக் கால் வெட்டிவிட்டு முழித்தவர்களில் நானும் ஒருத்தி.

இனிக் கழுத்து. வீட்டுத் தையலில் கூடுதலாகக் கெடுவது இதுதான்.

முன்பக்கத் துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத்தான் கழுத்து வெட்டுவோம். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கழுத்தகலம் 5 அங்குலம் என்றால் மடிப்பிலிருந்து 2½ தான் குறிக்க வேண்டும். நான் முதல் தைத்த சட்டையில் மடிப்பிலேயே 5 குறித்தேன். விரித்தால் பத்து அங்குலம். மாமி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னகா, கழுத்து வெட்டினயா, தோளையே வெட்டினயா?” என்றா. மறுகா தானே பக்கத்தில் இருந்து சொன்னா: “கழுத்தச் சின்னனா வெட்டு. காணாட்டி பெரிசாக்கலாம். பெரிசா வெட்டினத ஆரு சின்னனாக்குற?”

அவ சொன்னதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மற்ற இடங்களில் தையல் துணியை உள்ளே எடுக்கும், உடுப்பு சிறுக்கும். கழுத்து ஒரு ஓட்டை, அங்கே தைக்கத் தைக்க விரியும். சுற்றிக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால் 5 அங்குலக் கழுத்து 5½ ஆகிவிடும். அதனால் வெட்டும்போதே தையலுக்கு விடுகிற அளவைக் கழுத்துக்குள் விட்டுக் குறிக்க வேண்டும். வளைவாக வெட்டிய இடம் கையில் பிடிக்கப் பிடிக்க இழுபட்டுப் பெருக்கும், ஆகவே வெட்டின கையோடு ஓரத்தில் ஒற்றைத் துணியில் ஒரு ஓட்டுத் தையல் போட்டு வையுங்கள். பைப்பிங் பட்டியைக் குறுக்காக, அதாவது கரைக்கு 45 பாகையில் வெட்டினால்தான் அது வளைவுக்கு வளைந்து கொடுக்கும். நேராக வெட்டின பட்டி கழுத்தைச் சுற்றிச் சுருங்கி நிற்கும், எவ்வளவு அயன் பண்ணினாலும் படியாது.

வளர்கிற பிள்ளை என்று எல்லாவற்றையும் இரண்டு அளவு பெரிதாக வெட்டுவது இன்னொரு பிழை. பள்ளிக்கூட வெள்ளைக் கவுண் தைக்கும்போது இதை எல்லாரும் செய்கிறோம். தோள் முழங்கைப் பக்கம் இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சரிந்து, பிள்ளை நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். தோளும் கழுத்தும் இன்றைய அளவுக்கே இருக்கட்டும். வளர்ச்சிக்கு இடம் விட வேண்டியது பக்கத் தையலிலும் அடி மடிப்பிலும். பக்கங்களில் ஒரு அங்குலம் விட்டுத் தைத்தால், அடுத்த வருசம் ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் அவிழ்த்து விடலாம். நாலு ஓரம் சேர்ந்து சுற்றளவில் இரண்டு அங்குலம். ஆனால் கைத் துணியின் அடித் தையலிலும் அதே அளவு விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டை பெருக்கும், கை பொருந்தாது. அடி மடிப்பு மூன்று அங்குலம் போடுங்கள். நிறத் துணியில் மடிப்பை அவிழ்த்தால் வெளிறாத பகுதி கோடு கட்டித் தெரியும். வெள்ளையில் அந்தக் கவலை குறைவு.

மெசினுக்கு வருவோம். துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் உடனே அடிநூல் இருக்கிற பொபின் கேஸின் சின்ன இசுக்குறுப்பைத் திருகுவோம். திருகாதீர்கள். கீழே தெரிகிற வளையம் மேல்நூலின் வளையம், அது தளர்ந்து ஓடுகிறது. பெரும்பாலும் காரணம் துணியமுக்கிக் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பதுதான். கால் இறங்கி இருக்கும்போது இறுக்கத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் போகாமல் மேலாலேயே போய்விடும். காலைத் தூக்கி வைத்து முழுவதையும் மறுபடி கோத்தால் பத்துக்கு எட்டுத் தரம் சரியாகும். தொடக்கத்தில் இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு தையுங்கள், அடியில் நூல் கூடு கட்டாது. கால் மிதி மெசினில் சக்கரம் உங்கள் பக்கமாகச் சுற்ற வேண்டும். தவறிப் பின்னால் சுற்றினால் நூல் அறுந்துவிடும்.

ஊசி: வொயில், லைனிங் போன்ற மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கும் கைத்தறிக்கும் 14, ஜீன்ஸுக்கு 16. ரீசேர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக இருக்கிறது, சாதாரண ஊசி அதில் தையலை விட்டு விட்டுப் போகும். துணிக்குள் இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் பிள்ளைகள் கடதாசி வெட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். என்னால் முடியவில்லை.

மிச்சத் துணியில் பை தைக்கும்போது கைபிடியை ஒரே ஒரு தையலில் நிறுத்தாதீர்கள். சந்தையில் இரண்டு கிலோ அரிசி வைத்ததும் அறுந்து வரும். சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு ஓட்டினால் பாரம் தாங்கும். கைக்குழந்தைக்குத் தைக்கிற தொப்பியிலும் சட்டையிலும் நீளக் கயிறு வேண்டாம், கழுத்தில் சுற்றுப்பட்டால் ஆபத்து.

கடலும் வாவியும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. உப்புக்காற்றில் இரும்பு சும்மா இருக்காது. மலிவான ஹூக் வைத்த பிளவுஸ் ஒரு மாரிக்குள் துருக்கறை காட்டும், பித்தளை ஹூக் பார்த்து வாங்குங்கள். அலுமாரியில் வருசக்கணக்காகக் கிடந்த பருத்தி நூலை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அது பட்டம் கட்டவும் உதவாது. மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அன்றைக்கு வழவழவென்று ஓடும். மறுகா அது பிசினாகி, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து உள்ளே இறுகிவிடும். அப்படி இறுகின ஒரு மெசினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து ஓடவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மெசின் ஒயில் இரண்டு துளி விட்டு, பழைய துணியில் பத்து வரி ஓட்டி மிச்ச எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

மூடி வைப்பதற்குப் பொலித்தீன் சரிவராது, மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துத் துருவைக் கூட்டும். மாமியின் கறுப்புக் கால் மெசின் இன்றும் ஓடுகிறது. வேலை முடிந்ததும் துணியமுக்கிக் காலுக்கடியில் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து, ஊசியை அதற்குள் இறக்கிவிட்டு, மேலே மாமாவின் பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்துப் போர்த்துவா.