குடும்பக் கார் வாங்கும்போது பின்சீட்டுச் சுகத்தையும் ஓட்டுகிற சுகத்தையும் எப்படிச் சோதித்துப் பார்ப்பது

திருகோணமலையில் கார் பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். லீற்றருக்கு எவ்வளவு ஓடும், எத்தனையாம் ஆண்டு, மீற்றரில் கைவைத்திருக்கிறார்களா, ஏசி நல்லாக் குளிருமா. எல்லாம் கேட்க வேண்டியவையே. ஆனால் அந்தக் கார் குழியில் விழுந்து எப்படி எழும்புகிறது, வளைவில் எப்படி நிற்கிறது, பின்சீட்டில் இருக்கிற அம்மாவின் இடுப்பு என்ன பாடுபடும் என்று கேட்பவர் மிகக் குறைவு. வீட்டில் ஒருவர் மட்டும் முன்சீட்டில் ஏறி, டவுனுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லா ஓடுது" என்று இறங்கி, காசு பேசத் தொடங்கிவிடுவார். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இன்றைக்கு இருக்கிற விலையில் வாங்குகிற காரை அடுத்த வருஷமே மாற்ற நம்மில் பலரால் முடியாது. அதனால் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

முதலில் சொகுசு என்றால் மெத்தென்று இருப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாற்பதில் போகும்போது மெத்தை போலிருக்கிற சில கார்கள், கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் எழுபதில் போகும்போது ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்கவே நிற்காது. காரணம் சுலபம். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், வாங்கியதைத் திருப்பியும் தரும். அந்தத் திருப்பித் தருதலை அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. சாதாரண கார்களில் உடம்பு மேலும் கீழும் ஆடுகிற இயல்பான வேகம் செக்கனுக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை. அது நடக்கிற தாளத்துக்குக் கிட்ட, நமக்குப் பழகியது. அதைவிட மெதுவாக, அலையில் போகிற மாதிரி ஆடினால் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். செக்கனுக்கு நாலு முதல் எட்டுத் தடவை அதிர்ந்தால் வயிறும் முதுகும் சேர்ந்து குலுங்கும், மனித உடம்பு நிமிர்ந்து இருக்கும்போது மிகக் கூடுதலாக உணர்வது இந்த அதிர்வைத்தான். ஆக, நல்ல கார் குழியின் அடியைக் கூர்மை இல்லாமல் உள்ளே அனுப்பும், அனுப்பியதை ஒரே தடவையில் முடித்துக்கொள்ளும்.

ஓட்டுகிற சுகம் என்பதும் வேகம் இல்லை. ஊருக்குள் ஐம்பது, வெளியே எழுபது என்பதுதான் நமது நாட்டில் காருக்கு உள்ள வேக எல்லை, அந்த எழுபதுக்குள்ளேயே ஒரு காரை ரசித்து ஓட்டலாம். ஸ்டியரிங்கை விரலளவு திருப்பினால் மூக்கும் அவ்வளவு திரும்ப வேண்டும், பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு பிடிக்க வேண்டும், வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் சாய்ந்த இடத்தில் நிலையாக நிற்க வேண்டும். தம்பலகாமம் பக்கம் வயல்வெளிக்கு நடுவே போகும்போது கரையில் நின்ற மாடு ஒன்று திடீரென்று ரோட்டுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்தபடியே விலக்க வேண்டும், விலக்கி உடனே திரும்ப நேராக்கவும் வேண்டும். அந்த இரண்டு செக்கனில் கார் உங்கள் கையோடு வருகிறதா, பின்னால் இழுபட்டு வருகிறதா என்பதுதான் விஷயம். ஓட்டுவதற்குச் சுகமான கார் வேண்டும் என்று சொல்பவரை இளந்தாரி ஆசை என்று வீட்டில் அடக்கிவிடாதீர்கள், அவர் கேட்பது குடும்பத்துக்கும் தேவையான ஒன்று.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் உண்மை. சாயாமல் இருக்கக் கடினமான ஸ்பிரிங்கும் தடித்த ஸ்டெபிலைசர் கம்பியும் போட்டால் குழியில் குலுக்கும், அது தப்ப முடியாத கணக்கு. ஆனால் நமது விலைக்குள் வருகிற கார்களில் சண்டையைப் பெரிதாக்குவது கம்பனி போட்ட ஸ்பிரிங்கைவிட, வாங்கியவர் மாற்றிப் போட்ட ரிம்மும் செத்துப்போன ஷொக் அப்சோபரும்தான். இதை நான் அடித்துச் சொல்வேன்.

டயர் பக்கத்தில் எழுதியிருக்கிற இலக்கத்தை வாசிக்கப் பழகுங்கள். 165/70R14 என்றால் அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், ரிம் 14 அங்குலம். பக்கச் சுவர் கிட்டத்தட்ட 115 மில்லிமீற்றர் வரும், விட்ஸில் வழக்கமாகப் பார்க்கிற அளவு இது. 185/60R15 என்றால் 111. அதையே வடிவுக்காக 195/50R16 ஆக மாற்றினால் 97 அளவுக்கு இறங்கிவிடும். குழியின் விளிம்பில் முதலில் நசிய வேண்டியது அந்த ரப்பர்ச் சுவர், அதில் ஒரு விரல் அகலத்தை நீங்கள் காசு கொடுத்து வெட்டி எறிகிறீர்கள். பெரிய ரிம் பெரும்பாலும் பாரமாகவும் இருக்கும், பாரமான சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது ஷொக் அப்சோபரால் அதை அடக்க முடியாமல் போகும், டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். சொகுசும் போய், பிடியும் போய்விடும். பழைய ரிம்மைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டாலே பல கார்கள் உயிர் பெற்று வரும். விற்பவரிடம் "கார் வரும்போது போட்டிருந்த ரிம் இருக்கிறதா" என்று கேளுங்கள், இருந்தால் அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இனி வண்டிகள். வகன் ஆர் போன்ற 660 சீசீ கார்கள் ஜப்பானின் சிறிய கார்ச் சட்டத்துக்குள் செய்தவை, நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், ஆனால் உயரம் 1.65 மீற்றர். ஒடுங்கி உயர்ந்த உடம்பு சாயத்தான் செய்யும், ஆனால் வயதானவர்களுக்கு ஏறி இறங்க அதைப் போல வசதியான கார் வேறில்லை. டவுனுக்குள் ஓடுபவருக்கு நல்ல தெரிவு. வாரா வாரம் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய் வருபவருக்கு நான் சொல்ல மாட்டேன். அக்சியோ மென்மையான பக்கம், ஸ்டியரிங்கில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், அம்மா அப்பாவோடு போகிற குடும்பத்துக்கு அது குறையும் இல்லை. ஓட்டுகிற சுகம் முக்கியம் என்றால் ஸ்விப்ட், டெமியோ இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். 2017இல் வந்த ஸ்விப்ட் 900 கிலோ அளவுதான், அந்த இலேசு வளைவில் தெரியும். டெமியோவில் 2016 கடைசியிலிருந்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது எஞ்சினின் இழுவையை மிகச் சிறிதாகக் குறைத்து முன் சக்கரங்களுக்குப் பாரத்தை அனுப்புகிற ஒரு முறை உண்டு. நீங்கள் அதை உணர மாட்டீர்கள், வளைவுக்குள் திரும்பத் திரும்பக் கையைத் திருத்த வேண்டியிருக்காது, அவ்வளவுதான். ஆனால் டெமியோவின் பின்சீட்டு ஒடுக்கம். வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் என்றால் கஷ்டம்.

பின் சக்கரங்கள் எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த கார்களில் பெரும்பாலும் இரண்டு பின் சக்கரத்தையும் ஒரு முறுக்கு பீம் இணைக்கும், ஒரு பக்கம் குழியில் இறங்கினால் மற்றப் பக்கத்துக்கும் கொஞ்சம் போகும். மூன்றாம் தலைமுறை பிரியஸ் அப்படி, 2015 கடைசியில் வந்த நாலாம் தலைமுறையில் ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படி மாற்றிவிட்டார்கள், பின்சீட்டில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதற்காகப் பீம் உள்ள கார் எல்லாம் கூடாது என்று ஒதுக்க வேண்டாம். நன்றாகச் செய்த பீம் மோசமாகச் செய்த தனி அமைப்பை வெல்லும். பேப்பரைப் பார்த்து முடிவெடுக்காமல் ஓடிப் பாருங்கள்.

ஓடிப் பார்க்க முன் காற்றைப் பாருங்கள். கட்டாயம். காற்றுக் குறைத்த டயர் எந்தக் காரையும் மென்மையாகக் காட்டும், கூட அடித்த டயர் நல்ல காரையும் கட்டையாக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் இலக்கம் வாசிக்கலாம், அதில் கிலோபாஸ்கலில் 220 என்றால் பெற்றோல் செட் மீற்றரில் 32 பீஎஸ்ஐ, 240 என்றால் 35. அப்புறம் டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். வெயிலில் கிடந்து இறுகிப்போன பழைய டயரோடு ஒரு காரின் சொகுசைத் தீர்மானிக்க முடியாது, மழையில் பிடிக்கவும் மாட்டாது. அப்படி இருந்தால் நாலு டயரின் விலையையும் கணக்கில் போட்டுப் பேசுங்கள்.

இப்போது குடும்பத்தை ஏற்றுங்கள். தனியே போய் ஓடிப் பார்ப்பதில் பாதிதான் தெரியும், பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின் ஸ்பிரிங் இறங்கி அதே கார் வேறு மாதிரி நடக்கும். நம்பிக்கையான ஒருவரை ஓட்ட விட்டு முதலில் நீங்கள் பின்னால் இருங்கள், நடுவில் இல்லாமல் கரையில், பின் சக்கரத்துக்கு மேலே. டவுனுக்குள் ஊர்ந்து, பிறட்றிக் கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் மெதுவாக ஏறச் சொல்லுங்கள், மான்கள் நிற்கிற இடம், அங்கே யாரும் ஓட முடியாது, அந்த மெதுவான வேகத்தில்தான் சின்னச் சின்ன அதிர்வு தெரியும். ஒரு வேகத்தடையை நேராக ஏறாமல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தலை எங்கே போகிறது என்று பாருங்கள். கார் சாய்ந்து, தலை கண்ணாடிப் பக்கம் போய், உடனே மறுபக்கம் வீசப்பட்டால், அந்தக் காரில் வயதானவர்கள் இரண்டு மணித்தியாலம் இருக்க முடியாது. மெத்தையை அமத்திப் பார்த்தால் இந்தக் குறை பிடிபடாது, அமத்தும்போது எல்லா சீட்டும் சுகம்தான்.

அடுத்தது கிண்ணியாப் பக்கம். 2009இல் திறந்த பாலம் 396 மீற்றர் நீளம், அதில் ஏறுகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் கவனியுங்கள். பாலத்தில் ஏறியதும் கார் ஒரு தடவை எழும்பி, ஒரு தடவை இறங்கி, அடங்கிவிட வேண்டும். இரண்டாம் தடவையும் எழும்பினால் பின் ஷொக் அப்சோபரில் சந்தேகம் வையுங்கள். பாதி நிரம்பிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கதவுப் பெட்டியில் வைத்துவிட்டால் அது சொல்லும்: தண்ணீர் சலசலவென்று நடுங்கினால் கட்டையான கார், பெரிதாக அலையடித்துக்கொண்டே இருந்தால் தளர்ந்த கார்.

பிறகு நீங்கள் ஓட்டுங்கள். கந்தளாய் ரோட்டில் ஐம்பது, அறுபதில் முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கை மிகச் சிறிதாக இடம் வலம் அசையுங்கள். கை அசைந்த பிறகும் கார் பேசாமல் போனால் நடுவில் வெற்றிடம் இருக்கிறது, நீண்ட ஓட்டத்தில் அது களைப்பைத் தரும், ஏனென்றால் நேராகப் போவதற்கே ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பீர்கள். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வர வேண்டும். ஹைபிரிட் என்றால் பிரேக்கைத் தனியாகப் பாருங்கள்: முதலில் மோட்டரும் கடைசி மீற்றர்களில் சாதாரண பிரேக்கும் பிடிக்கும், அந்தக் கை மாறுகிற இடத்தில் சில கார்கள் ஒரு தரம் இழுத்து விடும். ஓட்டுபவருக்குப் பழகிவிடும், பின்னால் இருப்பவரின் கழுத்துக்குப் பழகாது. படிப்படியாக மாறாமல் ஒரே ஓட்டமாக மாறுகிற சீவீரீ கியர் உள்ள கார்களில் காலை மெதுவாக அமத்துங்கள், சத்தம் முதலில் கூடி இழுவை பிறகு வருகிறதா என்று பாருங்கள், எதிரே பஸ் வருகிற ரோட்டில் முந்திப் போகும்போது அந்தத் தாமதம் முக்கியம்.

ஏற்கெனவே கார் இருக்கிறது, குலுக்குகிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. கார் மூலையை ஒவ்வொன்றாக அமத்தி விடுங்கள், ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் ஆடினால் அந்த ஷொக் அப்சோபர் முடிந்தது. தண்டில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் ஆட்டிப் பார்க்கவே தேவையில்லை. மாற்றினால் முன் இரண்டையும் சேர்த்து, பின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒற்றையாக வேண்டாம். அதோடு சக்கரத்தைத் தாங்குகிற கைகளின் மூட்டுகளில் இருக்கிற ரப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள், வெடித்த புஷ்ஷின் விலை சின்னது, அது கெடுக்கிற ஸ்டியரிங் பெரிது. உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரத்தில் நிறுத்துகிற கார்களில் ஸ்பிரிங் இருக்கும் தட்டும் ஷொக் அப்சோபரின் அடியும் முதலில் துருப்பிடிக்கும், அடிப்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜைவிட்டு வந்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் கட்டையாகும், இறங்க இருக்கிற இடமும் குறையும், நாலு பேர் ஏறியதும் முட்டு ரப்பரில் போய் அடிக்கும்.

முடிவெடுக்கும்போது, பின்சீட்டில் பெரும்பாலும் யார் இருப்பார்கள் என்று முதலில் பாருங்கள். வயதானவர்கள் என்றால் தலை வீசுகிற சோதனையில் தோற்ற காரை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விடுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அலையடிக்கிற காரை விடுங்கள், கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கிழமையில் ஆறு நாளும் நீங்கள் தனியே வேலைக்கு ஓடி, ஒரு நாள்தான் குடும்பம் ஏறும் என்றால் உங்களுக்குப் பிடித்த ஸ்டியரிங்குக்கு இடம் கொடுங்கள், அதில் குற்றமே இல்லை. வாங்கிய பிறகு முதல் செலவு டயராக இருக்கட்டும், அதையும் நவம்பர் மழை தொடங்க முன் போட்டுவிடுங்கள், ஸ்டிக்கரில் சொன்ன அதே அளவில்.