பச்சைக் கட்டங்களை எண்ண வேண்டாம்

வெப்சைட்டின் திரைப் பக்கம், சர்வர் பக்கம் இரண்டையும் எழுதும் ஃபுல் ஸ்டாக் டெவலப்பராக நினைக்கும் பலர் ஓப்பன் சோர்ஸ் (எல்லோரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த கோடு) பக்கம் வருவதே, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ப்ரொஃபைலில் அன்றாடப் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்பத்தான். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்குப் பரிசு தரும் அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-இல் ஒரு டி-ஷர்ட்டுக்காக, ப்ராஜெக்ட்டை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஓரிரு சொற்களை மட்டும் சேர்த்து, திருத்தத்தை ஏற்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளைக் குவித்தார்கள். அவற்றை மூடுவதே ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கு வேலையாகிவிட்டது. விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று அந்த மாதத்திலேயே நிகழ்வை நடத்தியவர்கள் விதியை மாற்றினார்கள்.

எனக்கு இதைவிட வருத்தம் தருவது, நல்ல மனதோடு செய்யும் இன்னொரு தவறு. யாரிடமும் கேட்காமல் இரண்டு வாரம் உட்கார்ந்து பெரிய வசதி ஒன்றை எழுதி அனுப்புவார்கள். அது நிராகரிக்கப்பட்டதும் மனம் உடைந்து ஒதுங்கிவிடுவார்கள். மெர்ஜ் செய்த, அதாவது ப்ராஜெக்ட்டில் சேர்த்துக்கொண்ட, கோடை இனி வருடக்கணக்கில் பராமரிக்கப்போவது மெயின்டெய்னர்தான். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. முதலில் ப்ராஜெக்ட் பக்கத்தில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து, "இது தேவையா, இப்படிச் செய்யலாமா?" என்று கேளுங்கள். அப்புறம் எழுதலாம். அனுப்பும் முன், மாறிய வரிகளைக் காட்டும் டிஃபையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் எடிட்டரின் ஃபார்மேட்டர் கோப்பு முழுவதையும் மாற்றி வைத்திருந்தால், உங்கள் மூன்று வரித் திருத்தம் எண்ணூறு வரிகளுக்குள் காணாமல் போயிருக்கும்.

ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) உள்ள என்வ் என்ற அமைப்புக் கோப்பைத் தெரியாமல் புஷ் செய்துவிட்டு (தளத்தில் ஏற்றிவிட்டு), அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) அழித்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பழையதை மறப்பதில்லை, வரலாற்றில் அந்தக் கீ அப்படியே இருக்கும். உடனே அதை ரத்து செய்து புதிய கீ வாங்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.

பயன்படுத்தும் உரிமையைச் சொல்லும் லைசென்ஸ் கோப்பு இல்லாத ரெப்போவிலிருந்து (ஒரு ப்ராஜெக்ட்டின் கோப்புத் தொகுப்பிலிருந்து) கோடை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். எல்லோரும் பார்க்க முடிகிறது என்பதாலேயே உரிமை கிடைத்துவிடாது. அதேபோல, வேலையில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தையும் படித்துவிட வேண்டும். ஓய்வு நேரத்தில் எழுதிய கோடுக்கும் சில நிறுவனங்கள் உரிமை கோரும்.

சரி, படிப்பில் என்ன தவறு? ஃப்ரேம்வொர்க் (ஆயத்தக் கோடுச் சட்டகம்) பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போவது. பக்கம் மெதுவாகத் திறந்தால், திரையைக் கட்ட உதவும் ரியாக்ட்டை மாற்றலாமா என்று யோசிப்பார்கள். டேட்டாபேஸிடம் கேட்ட கேள்விகளின் பதிவான க்வெரி லாகைத் திறந்தால், 50 ஆர்டர்களைக் காட்ட 51 க்வெரிகள் ஓடியிருக்கும்: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனியாக ஒன்று. இரண்டு டேபிள்களையும் சேர்த்துப் படிக்கும் ஒரு ஜாயின் போட்டால் முடிந்துபோகும் வேலை அது. எச்டிடிபி (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை), எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி), பிரவுசர் மூன்றும் கைவசம் இருந்தால்தான் இப்படித் தோண்டிப் பார்க்க வரும்.

ரெஸ்யூமேயிலும் ரெப்போக்களின் எண்ணிக்கையைப் போடாதீர்கள். நீங்கள் பிடித்த ஒரு பிழை, அதை நிரூபிக்க எழுதிய டெஸ்ட், ரிவ்யூவில் நடந்த உரையாடல், இவை உள்ள ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட்டின் இணைப்பைக் கொடுங்கள். அது மெர்ஜ் ஆகாமல் போயிருந்தாலும் பரவாயில்லை.