கத்தரி வேரைத் தின்னும் புழுவுக்கு நூற்புழு விடுவது எப்படி?

பாய்ச்சிய ஈரம் காயவில்லை, கத்தரிச் செடி மட்டும் தலை தொங்கி நிற்கிறதா? தூரைப் பிடித்து இழுங்கள். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் கிளறுங்கள். கால் இல்லாத வெள்ளைப் புழு வளைந்து கிடந்தால் அது சாம்பல் மூக்குவண்டின் பிள்ளை. தாய் வண்டு மேலே இலை ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நூற்புழு விடலாம். வேரில் முடிச்சு போடுகிற நூற்புழு என்று பயந்துவிட வேண்டாம். இது வேறு சாதி, செடியைத் தொடாது. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் ஆள் நம்ம பக்கம்: 1992-இல் கோயம்புத்தூரில் கிடைத்ததை வைத்துத்தான் பெயர் சூட்டினார்கள். அரை மில்லிமீட்டர் நீளம். புழுவுக்குள் நுழைந்து, தான் சுமந்து வந்த பாக்டீரியாவைக் கக்கும். ஓரிரு நாளில் புழு காலி. மண்புழுவுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது.

பாக்கெட் வாங்கியதும் தேதியைப் பாருங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, அரை மணி கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நெளிய வேண்டும். அசையாமல் கிடந்தால் அது வெறும் பொடி. அளவு ஏக்கருக்கு 100 கோடி நூற்புழு, அதாவது சென்ட்டுக்கு 1 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், பாக்கெட்டில் எண்ணிக்கை போட்டிருப்பார்கள்.

இனிதான் முக்கியம். நான் முதல் தடவை காலை பத்து மணிக்கு ஊற்றி மொத்தத்தையும் வீணாக்கினேன். வெயில் பட்டாலும் காய்ந்தாலும் இவை பிழைக்காது. காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் சரளை தண்ணீரை நிறுத்தாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் முதலில் பாத்தியை நன்றாக நனையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு, கிணற்றுத் தண்ணீரில் கரைத்துத் தூரில் ஊற்றுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம், நம்ம ஊர் வெயிலில் அது சாயங்காலம் வரை சூடாகவே இருக்கும். வாளியில் அடியில் தங்கிவிடும், கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். ஸ்பிரேயர் என்றால் உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். பூச்சிமருந்து, உரம் எதையும் கூடக் கலக்காதீர்கள். அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து வைக்கோல் மூடாக்கு போட்டு, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையில் இருக்கும் வண்டை இது பிடிக்காது. காலையில் செடியை உலுக்கிப் பொறுக்க வேண்டியதுதான். காய்ப்புழுவுக்கும் இதை நம்ப வேண்டாம்.

ஐந்தாம் நாள் தூரைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக இருந்த புழு ஆத்தங்குடிக் கல் மாதிரி செக்கச்செவேல் என்று கிடக்கும், நாற்றமும் இருக்காது. அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள், அப்படியே மூடுங்கள். இரண்டு வாரத்தில் அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் அடுத்த தூருக்குக் கிளம்பும்.