ஊசி தனி, தண்ணீர் பொது: ரத்தவழித் தொற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதை ஊசி போடுபவர்களில், "யாருடைய ஊசியையும் நான் வாங்கிப் போட்டதில்லை" என்பவர்களுக்கும் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊசி தனிதான்; போதைமருந்தைக் கலக்கிய ஸ்பூனும் வடிகட்டிய பஞ்சும் சிரிஞ்சை அலசிய தண்ணீரும் பொது. ஒருவர் போட்டு முடித்த சிரிஞ்சைக் கிண்ணத்தில் விட்டு இழுத்தாலே அவர் ரத்தம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். ஏற்கெனவே போட்ட சிரிஞ்சால் அளந்து பங்கு பிரித்தாலும் இதே கதைதான். ஸ்பூன், பஞ்சு, தண்ணீர் எல்லாம் ஆளுக்கொன்று வேண்டும். பங்கு பிரிக்கப் புது சிரிஞ்ச்.

காய்ந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தப்பு. ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை தாக்குப்பிடித்ததை ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. ஹெபடைடிஸ் பி வெளிப்பரப்பிலேயே 7 நாளாவது இருக்கும். ஊசியைக் கழற்றி மாட்டும் சிரிஞ்சில், அடிவரை அழுத்தினாலும் கழுத்துப் பகுதியில் ரத்தம் தங்கும். ஊசி பதித்தே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது மிகக் குறைவு.

வெந்நீரில் அலசாதீர்கள், ரத்தம் உறைந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். புது சிரிஞ்ச் கிடைக்கவே வழியில்லை என்றால் மட்டும்: குளிர்ந்த தண்ணீரில் ரத்தம் போகும்வரை அலசி, தண்ணீர் கலக்காத பிளீச்சை நிரப்பி 2 நிமிடம் குலுக்கி, வெளியேற்றி, வேறு புதுத் தண்ணீரில் மறுபடி அலச வேண்டும். எச்.ஐ.வி. ஆபத்து இதனால் குறையும். ஹெபடைடிஸ் சி போய்விடும் என்று நம்ப முடியாது.

ஹெபடைடிஸ் சி பரிசோதனையிலும் சறுக்கல் உண்டு. ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்தது என்றுதான் பொருள். குணமான பிறகும் அது பாசிட்டிவாகவே இருக்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். இருந்தால், 8 முதல் 12 வாரம் மாத்திரை. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. ஆனால் இந்த நோய் ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதில்லை, தடுப்பூசியும் கிடையாது. மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி-யையும் பார்த்துவிட வேண்டும், உள்ளே அடங்கிக் கிடந்தால் அது சீறிக் கிளம்பலாம். பி-க்கு மட்டும் தடுப்பூசி உண்டு: வழக்கமாக 0, 1, 6-ஆம் மாதங்களில் 3 தவணை.

அடுத்தவர் ஊசி தவறிப்போய் ஏறிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கியதை 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.