சிங்கப்பூரில் வேலையை விட்டுத் தூக்கினார்கள்: நான் சரிசெய்த விதம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டேனாம். அன்று 3:10-க்கே வாட்ஸ்அப்பில் பணிநீக்கக் கடிதம் வந்துவிட்டது. நோட்டீஸ் சம்பளம் (முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கினால் அதற்கு ஈடாகத் தரும் சம்பளம்) கிடையாது.

முதலில் சூப்பர்வைசர் அண்ணனிடம் கெஞ்சினேன். "ஆபீஸ் முடிவுப்பா, நான் என்ன செய்ய" என்றார். அப்புறம் ஊரில் அனுப்பிவைத்த ஏஜென்டுக்குப் போன்; அவர் எடுக்கவே இல்லை. ரூம்மேட் ஒருவர், "ஆறு மாசம் டைம் இருக்கு, அவசரப்படாதே" என்றார். அதை நம்பி மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேலை முடிந்தபின் ஆறு மாதம் என்பது சம்பளப் பாக்கிக்கு. முறையற்ற பணிநீக்கப் புகாருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம்தான்.

மீதி எட்டு நாள் இருக்கும்போது வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்துவைக்கும் டாடம் (TADM) அமைப்பில் பணிநீக்கம், சம்பளப் பாக்கி இரண்டையும் சேர்த்துப் பதிந்தேன். நான் சண்டை போடவில்லை என்று நிரூபிக்க ஆள் தேடி அலைந்ததும் வீண். சாட்சி சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? பலித்தது வேறு. ஒழுங்கீனம் என்று நீக்குவதானால் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது வேலைவாய்ப்புச் சட்டம். சாப்பாடு முடிந்தது 1 மணி, கடிதம் 3:10. நடுவில் என்னை யாருமே கூப்பிடவில்லை. பஞ்ச் பதிவில் நான் எட்டாவது மாடியில் வேலையில் இருந்தேன். கடிதத்தை ஃபார்வர்டு செய்யாமல், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

சமரசப் பேச்சில் அதைக் காட்டியதும் கம்பெனிக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து நோட்டீஸ் சம்பளம், ஓவர்டைம் பாக்கி இரண்டுக்கும் கையெழுத்திட்டார். அப்பாடா! தீர்ப்பாயம் வரை போகவில்லை.