கிட்னி டோனர் தேடுவது எப்படி: குடும்பத்தில் பேசுவதிலிருந்து தாசில்தார் சான்று வரை

"மாற்று சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது, குடும்பத்தில் யாராவது கொடுப்பார்களா பாருங்கள்" என்பார் நெஃப்ராலஜிஸ்ட். அதோடு அன்றைய ஆலோசனை முடிந்துவிடும். யாரிடம் முதலில் பேசுவது, எப்படிக் கேட்பது, எந்தக் காகிதத்தை எப்போது எடுப்பது என்பதெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் பாடு. என் கணவருக்கு அவருடைய அக்கா சிறுநீரகம் கொடுத்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த வழியில் தெரிந்துகொண்டதை, இப்போது தேடத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. கிரியேட்டினின், டயாலிசிஸ், ஃபிஸ்டுலா பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை. இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அவை ஏற்கெனவே மனப்பாடமாகியிருக்கும்.

1. தேடும் முன்

நீங்கள் பார்க்கும் மருத்துவமனைக்கு உறுப்பு மாற்று உரிமம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அங்கே டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் ஒருவர் இருப்பார். இனி டாக்டரைவிட அவரிடம்தான் அதிகம் பேசுவீர்கள்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலை டிரான்ஸ்டான் என்கிற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. மருத்துவமனை வழியாகத்தான் அதில் பதிய முடியும். டோனர் தேடுகிறோமே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் 20க்குக் கீழே இறங்கும்போதே டோனர் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். டோனர் தயாராக இருந்தால் டயாலிசிஸ் தொடங்காமலே மாற்று அறுவை செய்துகொள்ள வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. ஹீமோகுளோபின் குறைந்தது என்று ரத்தம் ஏற்றச் சொன்னால், "மாற்று அறுவைக்குத் தயாராகிறோம், இரும்புச் சத்து ஊசி, எரித்ரோபாய்ட்டின் ஊசியில் சமாளிக்க முடியுமா" என்று கேளுங்கள். அடுத்தவர் ரத்தம் ஏறும்போது உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். பிறகு கிடைக்கிற டோனர் பொருந்தாமல் போக அது ஒரு காரணமாகும். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கர்ப்பத்தினாலேயே இப்படி எதிர்ப்பொருள்கள் இருக்கக்கூடும். அவசர நிலையில் டாக்டர் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் ஏற்றத்தான் வேண்டும்.

2. யாரெல்லாம் கொடுக்கலாம்

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், அதன் 2011 திருத்தம், 2014 விதிகள். இவைதான் அடிப்படை. கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர் நெருங்கிய உறவினர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவர்களுக்கு ஒப்புதல் நடைமுறை எளிது. சித்தப்பா மகன், அத்தை, மாமா, மைத்துனர், நண்பர் யாரும் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்கள் கொடுக்க முடியாது என்று அர்த்தமில்லை. அன்பினாலும் பிணைப்பினாலும் கொடுக்கிறேன் என்று சொல்லி, அரசின் அங்கீகாரக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ரத்த வகை: ஓ வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ வகையிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். ஏபி யாரிடமிருந்தும் வாங்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் சிறுநீரகத்துக்குப் பொருட்டில்லை. பல வருடம் முன்பு பள்ளி முகாமில் பார்த்த ரத்த வகையை நம்ப வேண்டாம், லேபில் மறுபடி பாருங்கள்.

3. கேட்பது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நோயாளி தானே யாரிடமும் கேட்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அப்படி வருகிற சம்மதம் பரிசோதனை நடுவில் கலைந்துபோகும். கலையாவிட்டால் இன்னும் மோசம், காலமெல்லாம் மனத்தாங்கலாக நிற்கும். வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் நான் எடுத்துக்கொண்டேன்.

"கொடுப்பீர்களா" என்று நேராகக் கேட்காமல் நிலைமையை மட்டும் சொன்னேன். கிட்டத்தட்ட இந்த வாசகம்: "இவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ரத்த வகை ஓ. மாற்று சிறுநீரகம் வைக்கலாம் என்கிறார் டாக்டர். விவரம் தெரிந்துகொள்ள விரும்பினால் என்னிடமோ மருத்துவமனைக் கோஆர்டினேட்டரிடமோ தனியாகப் பேசலாம். பேசினாலே ஒத்துக்கொண்டதாக ஆகாது. பதில் சொல்லாவிட்டாலும் எங்களுக்கு வருத்தமில்லை." கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிடாதீர்கள்.

இதை வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் போட வேண்டாம். குரூப்பில் ஒருவர் "நான் தருகிறேன்" என்றால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு மலர் போடுவார்கள், அப்புறம் அவரால் பின்வாங்கவே முடியாது. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் தனியாக வரும். வயதானவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ்.

(பிற்சேர்க்கை: பிராட்காஸ்ட் அனுப்பியும் பலருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். மற்றவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள்.)

முதலில் முன்வந்தவர் என் கொழுந்தனார். பிறகு அவர் மனைவி பயந்தார், அவர் விலகிக்கொண்டார். அவருடைய குழந்தைகள் சின்னவர்கள், அந்தப் பயம் நியாயமானது. அந்த வருடமும் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குத்தான் போனோம். விலகியவரை யாரும் குத்திக்காட்டாமல் பார்த்துக்கொள்வது, கேட்ட பொறுப்பை ஏற்றவரின் வேலை.

நம் நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அம்மா, மனைவி, அக்கா என்று வீட்டுப் பார்வை தானாக அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. டோனர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. அண்ணி கேட்டு விசாரித்தபோது, நான் கூட இல்லாமல் அவரும் அவர் கணவரும் மட்டும் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். டோனருக்கு மனசு மாறினால் கோஆர்டினேட்டரிடம் ரகசியமாகச் சொல்லலாம், குடும்பத்துக்கு "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் தெரிவிக்கும்படி கேட்கலாம். இதை டோனருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

4. டோனர் பரிசோதனைகள்

மலிவான பரிசோதனைகள் முதலில், விலை கூடியவை கடைசியில் என்று வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். ரத்த வகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், அல்ட்ராசவுண்ட். இதிலேயே பலர் நின்றுவிடுவார்கள். தாண்டினால் திசுப் பொருத்தம் பார்க்கும் ஹெச்எல்ஏ, டோனருக்கு எதிரான எதிர்ப்பொருள் நோயாளியின் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் டிடிபிஏ ஸ்கேன், ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம், மனநல மருத்துவர் சந்திப்பு. ஹெச்எல்ஏ அதிகம் பொருந்தவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம், இன்றைய மருந்துகளோடு அது தடையில்லை. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்றால்தான் சிக்கல். பரம்பரை நீர்க்கட்டி நோயால் சிறுநீரகம் கெட்டிருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லை என்று உறுதியான பிறகே மற்றதெல்லாம்.

5. காகிதங்கள் (நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்)

மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அக்காவும் தம்பியும் அக்கா தம்பிதான் என்று நிரூபிக்க முடியாமல் நின்றோம். அண்ணியின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். இவருடைய சான்றிதழில் மாமனாரின் முழுப்பெயர், அண்ணியுடையதில் ஊரில் கூப்பிடும் பெயர். அண்ணி வீட்டிலேயே பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. குடும்ப அட்டையில் கல்யாணத்தோடு பெயர் எடுத்தாகிவிட்டது. காகிதத்தைப் பார்த்தால் இருவரும் யாரோ எவரோ.

எங்களைக் காப்பாற்றியது மாமனார் இறந்தபோது வாங்கிய வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்தோடு, பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் உறவுமுறையோடு ஒரே தாளில் இருந்தது. பெற்றோரில் ஒருவர் காலமாகியிருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். இருவரும் உயிரோடு இருந்தால் தாசில்தாரிடம் உறவுமுறைச் சான்று கேட்க வேண்டும். விஏஓ விசாரித்து, ஆர்ஐ வழியாகப் போகும், நேரம் எடுக்கும். கூடவே பழைய குடும்ப அட்டை நகல், இருவரின் டிசி, குடும்பப் புகைப்படங்கள், பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி பிரமாணப் பத்திரம். காகிதத்தால் உறவு நிலைநாட்டப்படாவிட்டால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

ஆகவே முதல் ரத்தப் பரிசோதனை நாளிலேயே காகித வேலையையும் தொடங்குங்கள். அதே வாரத்தில் ஆதார் திருத்தத்துக்கும் கொடுத்துவிடுங்கள். இதற்கென்று ஆப் எதுவும் தேவையில்லை. கண்ணாடித்தாள் உறை வைத்த ஃபைல் இரண்டு வாங்கி, ஒன்றில் அசல், ஒன்றில் ஜெராக்ஸ் வையுங்கள். போனில் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டால், கோஆர்டினேட்டர் கேட்ட நிமிடத்தில் அனுப்பலாம்.

படிவங்களில் நெருங்கிய உறவினருக்கு 1, கணவன் மனைவிக்கு 2, மற்றவர்களுக்கு 3. எதையும் நீங்களாக டவுன்லோட் செய்து நிரப்ப வேண்டாம், மருத்துவமனை தருவதையே நிரப்புங்கள்.

(பிற்சேர்க்கை: மனைவி டோனர், கல்யாணம் கோயிலில் நடந்தது, ரசீது மட்டும் இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து வையுங்கள்.)

நெருங்கிய உறவு அல்லாதவர் என்றால் அங்கீகாரக் குழு நேரில் விசாரிக்கும், அது வீடியோவில் பதிவாகும். எப்படிப் பழக்கம், ஏன் கொடுக்கிறார், இரு தரப்பின் மூன்று வருட வருமான விவரம் என்று கேட்பார்கள். வேறு மாநிலத்தவர் என்றால் அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

6. பணம், புரோக்கர்

டயாலிசிஸ் வார்டு வாசலில் யாராவது "ஆள் இருக்கு" என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விலைக்கு வாங்கினால் வாங்குபவருக்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். தண்டனைக்காக மட்டும் சொல்லவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்து 2002இல் வெளியான ஆய்வில், 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலானோருக்கு உடல்நிலையும் மோசமாகியிருந்தது. நம் வீட்டு உயிருக்காக இன்னொரு வீட்டை அப்படித் தள்ளக் கூடாது.

ஆனால் டோனருக்கு நேரடியாக ஆகும் செலவையும், வேலைக்குப் போகாததால் போன சம்பளத்தையும் ஈடுசெய்வதைச் சட்டம் விலையாகக் கருதுவதில்லை. ரசீதுகளை வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்கும் சொல்லிச் செய்யுங்கள். மத்திய அரசு ஊழியர் டோனராக இருந்தால் 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. அறுவைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. தனியார் பாலிசி என்றால் டோனர் செலவு எதுவரை அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

7. டோனர் இருக்கிறார், பொருந்தவில்லை

நான் பி, இவர் ஓ. இப்படி மாட்டிய இரண்டு ஜோடிகள் டோனரை மாற்றிக்கொள்ளும் முறையை 2011 திருத்தம் அனுமதிக்கிறது. அண்ணி வருவதற்கு முன் நாங்கள் அதில் பெயர் கொடுத்திருந்தோம். ஓ வகை நோயாளிக்கு மாற்று ஜோடி அமைவது கடினம், இருந்தாலும் பெயர் கொடுங்கள். ரத்த வகை பொருந்தாமலே செய்யும் அறுவையும் உண்டு. முன்கூட்டியே எதிர்ப்பொருள்களைக் குறைக்க வேண்டும், செலவு கூடும், தொற்று அபாயமும் கூடும்.

8. கொடுத்தவருக்கு

டோனர் அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில். சில நாளில் வீடு, வழக்கமான வேலைக்கு 4 முதல் 6 வாரம். அதற்குள் குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டர் நகர்த்துவது கூடாது. அண்ணி கேட்க மாட்டார் என்று தெரிந்து, அவர் வீட்டில் ஒரு மாதத்துக்கு ஆள் வைத்தோம். வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. இவருடைய செக்கப் தேதியிலேயே அண்ணிக்கும் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுகிறேன், செலவு எங்களுடையது. மூட்டுவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடக் கூடாது. இதை டோனரிடம் மட்டுமல்ல, அவர் வீட்டில் மாத்திரை வாங்கி வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.